சடையண்ணன் போட்ட 'சவுண்ட்ஸ் குட்'

பக்கத்துக் காட்டு சடையண்ணனுக்கு நேத்து சாயங்காலம் ஒரு மெசேஜ் போட்டேன். ஊத்துத் தண்ணிக்குக் குழாய் போடணும், உங்க குச்சிக்கிழங்குக் காட்டு ஓரமா கொண்டு போகலாமாங்கண்ணான்னு.

உடனே பதில். "சவுண்ட்ஸ் குட். கோ அஹெட்."

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. என் ஆடு அவர் வரப்புல ஒரு வாய் மேஞ்சதுக்கு மாசக்கணக்குல பேசாம இருந்த மனுசன். ரொம்ப மனசு இரங்குனாலும் "பாக்கலாம்"னுதான் சொல்வாரு.

"அதான் சரின்னுட்டாரே, குழி வெட்ட ஆள் சொல்லுங்க"ன்னு வீட்டுக்காரி சொன்னா. நான் சொல்லல. இதுல ஏதோ இருக்கு.

இன்னிக்கு செம்மேட்டுல பஸ் ஏறுனா, முன் சீட்டுல அண்ணனும் அவர் மருமகளும்.

"குழாய்க்குச் சரிங்களாண்ணா?"

"எவன் சொன்னது? என் காட்டுல கடப்பாரை விழுந்தா நடக்கறதே வேறன்னு போடச் சொன்னேனே. வரலையா?"

லக்கேஜ் வைக்கிற இடத்துக்காக அண்ணன் கண்டக்டர்கிட்ட சண்டைக்குப் போனதும், அந்தப் பொண்ணு ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு.

"மாமா சொல்றதை அப்படியே அடிச்சா ஊருல ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க. எல்லாருக்கும் இதையேதானுங்க போட்டு வுடறேன்."

எல்லாருக்குமா?

இப்பப் பழைய மெசேஜை எல்லாம் எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கேன். மச்சினன் போட்ட 'ஷ்யூர்', மிளகு யாவாரி போட்ட 'நோ இஷ்யூஸ்', ஒண்ணையும் நம்ப முடியல.

கீழ கமெண்ட்ல 'டோட்டலி அக்ரீ'ன்னு போடறவங்க, சொன்னது யாரு, அடிச்சது யாருன்னும் சேர்த்துப் போட்டுருங்க.