விதை எடுத்த பப்பாளி

நாய்க்குத் தேங்காய் கிடைத்தால் என்ன செய்யும்? தானும் தின்னத் தெரியாமல், அடுத்தவருக்குக் கொடுக்கவும் மனசு வராமல் உருட்டிக்கொண்டே கிடக்கும் என்று ஒரு சொலவடை. குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு போகிற இடத்துக்குத்தான் போகும் என்று இன்னொன்று. நான் ஊர்ஊராகச் சொலவடை பொறுக்குகிறவள். அந்த உரிமையில் சொல்கிறேன்: தமிழில் நாயைப் பற்றிச் சொன்னதெல்லாம் நாயை ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னது. எங்கள் டைகரைக் கேட்டிருந்தால், ‘உருட்டுவானேன்? உடைத்து, ஓட்டை எடுத்துவிட்டு, சின்னத் துண்டாகக் கொடுங்கள்’ என்று சொல்லியிருக்கும்.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப்பின் சுற்றுச்சுவரை ஒட்டி, அவர்களே கொடுத்த வீட்டில் இருந்தோம். எழுபதுகளின் கடைசி, நான் மூன்றாம் வகுப்பு. அப்பா அந்தத் தோல்ஷாப்பில் கிளார்க்கு. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கும் அதே தோல்ஷாப்பில்தான் வேலை. தோலை விரலால் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பார். வாயும் விரலைப் போலவே சும்மா இருக்காது.

பழத்துக்கும் எங்களுக்குமான சொந்தம் ஆஸ்பத்திரி வழியாக வந்தது. பிள்ளை பெற்று வீட்டுக்குப் போகிறவர்களும், தையல் பிரித்துக்கொண்டு போகிறவர்களும் நர்சம்மாவுக்கு நன்றி சொல்லப் பழத்தைத்தான் நீட்டுவார்கள். அம்மாவின் பையில் தினமும் ஏதாவது இருக்கும். ஆப்பிள், சாத்துக்குடி, கோடையில் மாம்பழம், ஏலகிரிப் பக்கத்து ஆட்கள் வந்தால் சீத்தாப்பழம். ஊர் பிரியாணிக்குப் பேர்போனது. எங்கள் வீடு மட்டும் பழமண்டி மாதிரி மணக்கும்.

டைகர் குட்டியாக இருந்தபோது தெருமுனையில் யாரோ போட்ட பிரியாணி எலும்பு அதன் தொண்டையில் குத்திக்கொண்டது. அம்மா ஆஸ்பத்திரி இடுக்கியோடு அதன் வாய்க்குள் கையைவிட்டு எடுத்தாள். அன்றிலிருந்து வெந்த எலும்புக்கு எங்கள் வாசலில் இடமில்லை. எலும்பு போனதும் அது எங்கள் வாயையே பார்த்தது. எங்கள் வாயில் எப்போதும் பழம். இப்படித்தான் அதற்குப் பழம் பழகியது.

அதிலும் தப்பெல்லாம் பண்ணித்தான் கற்றுக்கொண்டோம். மாங்கொட்டையை நக்கக் கொடுத்தோம். அது முழுங்கப் பார்த்தது. மாமா வாலையும் நான் கொட்டையையும் பிடித்து இழுத்தோம். ஒருநாள் பாதிப் பப்பாளியை அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் வாசல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அதற்குப் பிறகு அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “பல்லு மொளைக்காத கொழந்தைக்கு எப்படிக் குடுப்பியோ அப்படித்தான் நாய்க்கும். தோல் சீவு, கொட்டைய எடு, சின்னதா நறுக்கு. ரெண்டு துண்டு போதும். சோறு பசிக்கு, பழம் ருசிக்கு.” ஆப்பிளில் விதையும் நடுத்தண்டும் போய்விடும். சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துப் பேனுக்குத் தடவுகிறவர்கள் நாங்கள். அதை நாய்க்குப் போடுவோமா? சுளையை மட்டும் துளி. திராட்சை நாய்க்கு விஷம் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. திராட்சை வந்தால் நாங்களே மிச்சம் வைக்கமாட்டோம். எங்கள் பெருந்தீனிதான் டைகரைக் காப்பாற்றியது.

இப்படி வளர்ந்த டைகர் ஒரு நாகரிகத்தைக் கற்றுக்கொண்டது. விதையோடு பழத்தை வைத்தால் தொடாது. உட்கார்ந்துகொண்டு நம் முகத்தைப் பார்க்கும், வேலைக்காரி தாமதமாக வந்ததைக் கண்டிக்கிற மாதிரி.

இந்த நாய்மீதுதான் திருட்டுப் பழி விழுந்தது.

தோல்ஷாப்பின் களத்தில் உப்புப் போட்ட ஆட்டுத்தோலை மயிரோடு பரப்பிக் காயவைப்பார்கள். சில நாளாகத் தோல்களின் ஓரம் கடித்துக் குதறிக் கிடந்தது. ஓரம் போன தோல் தரத்தில் இறங்கிவிடும். களத்துக்குப் பொறுப்பு மேஸ்திரி. வெள்ளைத் தாடி, லுங்கி, தலையில் குல்லா, சத்தம் போடாத குரல். அவர் சொன்னால் சொன்னதுதான். சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டதாக அந்தத் தோல்ஷாப்பில் சரித்திரமே கிடையாது. ஒரு காலையில் களத்து நிழலில் டைகர் காலை நீட்டிப் படுத்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். அதுதான் திருடன், அதை ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்று வேலையாட்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியும் விட்டார். பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார்.

“கிளார்க்கு சார், உங்க நாய் பேஜார் ஜாஸ்தியாப் போச்சு. வியாழக்கெழம தோலு ஊறப்போட ஆவாரம்பட்டை ஏத்திட்டு வர லாரி வெறுமனே கிருஷ்ணகிரிக்குத் திரும்பிப் போவுது. நாட்றம்பள்ளி தாண்டி எங்கனா எறக்கி வுட்டுடச் சொல்றேன். கோச்சிக்காதீங்க.”

அப்பா அதிகம் பேசாதவர். “சரிங்க மேஸ்திரி” என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. தோல்ஷாப்பு வீட்டில் குடியிருந்துகொண்டு தோல் கடிக்கிற நாயை எப்படி வைத்துக்கொள்வது?

நான் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் போய் அழுதேன். வீட்டுக்கு வந்து அழுதேன். மாமா ஒரு வாழைப்பழத்தை உரித்து, டைகருக்கு ஒரு துண்டு எறிந்துவிட்டு, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். “பழம் துன்ற நாய்க்குத் தோல் எதுக்கு?” என்றார்.

யோசித்துப் பார்த்தால் இந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் இல்லை. பிரியாணி தின்கிறவன் வாழைப்பழம் தின்பதில்லையா? ஆனால் மாமா கேட்ட தோரணையில் அது ஐகோர்ட் வாதம் போல இருந்தது. என்னையும் கையில் பிடித்துக்கொண்டு நேரே களத்துக்குப் போனார்.

“மேஸ்திரி, தோலையும் பழத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. தோலத் தொட்டுச்சுன்னா நானே லாரில ஏத்துறேன். பழத்தத் துன்னுச்சுன்னா நாய் இங்கயே இருக்கட்டும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. “பேரு டைகரு. புலி பசிச்சாலும் புல்லத் துன்னாது. உன் புலி பழம் துன்னுமா?” என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். என் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தாடியை நீவிக்கொண்டார்.

“சரி. ஆனா ரெண்டயும் நான்தான் கொண்டாருவேன். நீ கொண்டாந்தா பழத்துல நெய்யி கிய்யி தடவிக் கொண்டாந்துடுவே. உன்னத் தெரியாதா எனக்கு.”

மாமாவின் முகம் வாடிப்போனது. நெய் தடவுவதுதான் அவருடைய திட்டமாக இருந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் சங்கு ஊதியது. மறுநாள் வெள்ளி, தோல்ஷாப்புக்கு வார விடுமுறை. வழக்கமாகச் சங்கு ஊதின வாக்கில் ஓடிவிடுகிற ஆட்கள் அன்றைக்கு ஒருவர்கூடப் போகவில்லை. பட்டை லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் கதவைத் திறந்து படிக்கட்டில் நின்றபடி, “சீக்கிரம் ஆவட்டும்பா, ஒரு நாய்க்காக எத்தினி நேரம் நிக்கிறது!” என்று கத்தினான்.

“உன்னயும் ஒரு நாள் இப்டி வெச்சுப் பாக்கறோம், இரு. ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் பரோட்டா!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மேஸ்திரி உள்ளேயிருந்து வந்தார். ஒரு கையில் மந்தாரை இலையில் பாதிப் பப்பாளி, கறுப்பு விதைகள் மின்னிக்கொண்டு. இன்னொரு கையில் இடுக்கியால் தூக்கிப் பிடித்த ஒரு தோல்துண்டு. வெள்ளைவெளேரென்று, ஊறிப்போய், சொட்டச்சொட்ட இருந்தது. இரண்டையும் களத்தின் நடுவில் வைத்துவிட்டு விலகி நின்றார். கூட்டத்தில் ஒரு சின்னச் சலசலப்பு ஓடி அடங்கியது. மாமா எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். அவர் வாய் தானாக மூடியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டைகரை அவிழ்த்துவிட்டேன்.

அது நேராகத் தோலிடம்தான் போனது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனது. மோந்தது. ஒரு தும்மல் போட்டது. தலையை உதறிக்கொண்டு இரண்டாவது தும்மலும் போட்டுவிட்டுப் பின்வாங்கியது. கூட்டம் ஓவென்றது. அடுத்து பப்பாளியிடம் போனது. அதையும் மோந்தது. தின்னவில்லை. பின்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது.

“பாத்தியா? ரெண்டயும் தொடல. இப்ப இன்னா சொல்றே?” என்று டிரைவர் கை கொட்டினான். “ஏத்துங்கப்பா!”

மேஸ்திரியின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. அது சந்தோஷத்தில் இல்லை. நான் அதைப்பற்றி யோசிக்கிற நிலையில் இல்லை. டைகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, அதே பழைய கண்டிப்போடு. எனக்கு விளங்கிவிட்டது.

“வெதை இருக்கு! வெதை எடுக்காம அது துன்னாது!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

“கிளார்க்கு வூட்டு நாய் தொரை வூட்டு நாய்டா. ஸ்பூன் எங்க, முள்ளு எங்கன்னு கேக்கும்!” என்று யாரோ சொல்ல, களமே குலுங்கியது. நான் எதையும் காதில் வாங்கவில்லை. மண்டியிட்டு, ஐந்து விரலாலும் விதையை வழித்து எறிந்தேன். மாமா பாய்ந்துவந்து பேனாக்கத்தியை விரித்துப் பப்பாளித் தோலைச் சீவினார். ஒரு சின்னத் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

டைகர் எழுந்து வந்தது. அவசரமே இல்லாமல், நாக்கால் அள்ளி, மென்று, முழுங்கியது. அடுத்ததற்கு வாலை ஆட்டியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது! விசில், கைத்தட்டல், ஒருவன் தகரத்தை எடுத்துத் தட்டினான். லாரியிலிருந்து பட்டை இறக்குகிற பட்டைக்காரர்கள் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். டைகர் குரைத்துக்கொண்டே கூட வந்தது. லாரி வெறும் லாரியாகக் கிருஷ்ணகிரி ரோட்டைப் பார்க்கக் கிளம்பியது, டிரைவர் மட்டும் போகிறபோக்கில், “மிச்சப் பழத்தயாவது எனக்குக் குடுங்கடா!” என்று கேட்டுவிட்டுப் போனான். தோளின் உயரத்திலிருந்து எனக்கு ஊரே கீழே இருப்பதுபோல இருந்தது. அந்த உயரத்திலிருந்து மேஸ்திரியைப் பார்த்து, “தோத்துட்டீங்க! மேஸ்திரி தோத்துட்டாரு!” என்று ராகம் போட்டுப் பாடினேன்.

“ஆமாம்மா, தோத்துட்டேன். இன்னா பண்றது” என்றார் அவர். வாயெல்லாம் பல். தோற்றவர் இப்படிச் சிரிப்பாரா என்று ஒரு கணம் தோன்றியது; ஜெயித்த சத்தத்தில் அது கரைந்துபோனது.

மறுவாரம் களத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். தோல் கடிபடுவது நின்றது. யார் கடித்தார்கள் என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. தொழுகைக்குச் சுத்தம் வேண்டுமென்று மேஸ்திரி நாயைத் தொடமாட்டார். ஆனால் அந்த வருஷத்து ரம்ஜானில், நோன்பு திறந்து முடித்ததும், தர்பூசணியைக் கொட்டை நீக்கி நறுக்கி ஓர் இலையில் வைத்து, எங்கள் சுவர் ஓரமாக எட்ட நின்று தள்ளிவிட்டுப் போவார். டைகர் அதைக் காத்திருக்காமலே தின்னும்.

பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போன காலத்தில், ஒரு தோல்ஷாப்பைச் சுற்றிப் பார்க்க நேர்ந்தது. சுண்ணாம்புத் தொட்டியின் பக்கம் போனபோது ஒருவர் இடுக்கியால் ஒரு தோலைத் தூக்கிக் காட்டினார். மயிரெல்லாம் கழன்று, வெள்ளைவெளேரென்று, சொட்டச்சொட்ட. அதன் காரம் மூக்கில் ஏறியது. நான் தும்மினேன். தும்மிய இடத்திலேயே நின்றுவிட்டேன்.

களத்தில் கடிபட்டது மயிரோடு இருந்த உப்புத்தோல். நாய்கள் அலைவது அதற்குத்தான். சுண்ணாம்பில் ஊறின தோலில் எந்த நாயும் வாய் வைக்காது. அதைத்தான் மேஸ்திரி தன் கையால் எடுத்துவந்திருந்தார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாத மனிதருக்கு, எல்லோர் முன்னாலும் தோற்க ஒரு வழி தேவைப்பட்டிருக்கிறது. களத்தைச் சுற்றி நின்றவர்கள் கண்ணைக் கட்டிவிட்டால்கூடத் தொட்டுப் பார்த்து இது எந்தத் தோல் என்று சொல்கிறவர்கள். மாமாவுக்குத் தெரியும். பட்டைக்காரர்களுக்குத் தெரியும். தும்மின டைகருக்கும் தெரியும். அந்தக் களத்தில் அது தெரியாமல் இருந்தது, எல்லோர் தோளுக்கும் மேலே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த ஒருத்திக்குத்தான்.