பொலோனியாவில் ஒரு புரட்டாசிச் சனி

லண்டனில இத்தாலிச் சாப்பாடு சமைக்கிறது யாழ்ப்பாணத்தார் எண்டது சாப்பிடுறவைக்குத்தான் தெரியாது. குசினியில வெந்துகொண்டு இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும்.

கை சரி, நாக்கு?

தொண்ணூறுகளில நான் ஒரு இத்தாலிக் கடையில ரெண்டாவது குசினிக்காரன். பெரிய செஃப் விலகினதும் அந்த இடம் எனக்குத்தான் எண்டு என்ர மனுசி நாங்கள் இருந்த நோர்பரி முழுக்கச் சொல்லிப்போட்டா. முதலாளி இத்தாலியில பொலோனியாக்காரர். அவற்ற ஊர் இறைச்சிச் சோஸ் போட்ட பாஸ்தாவுக்குத்தான் கடையில சனம் நிக்கும். அதை நாள் முழுக்கக் கிண்டுறவன் நான். எண்டாலும் அந்த இடத்தைத் தர முதலாளி இழுத்தார். "கைப்பக்குவம் இருக்கு. ஆனா ஒருக்கா எங்கட ஊரில சாப்பிட்டுட்டு வா, பிறகு பாப்பம்."

நல்ல நாள் பாத்த பயணம்

அடுப்பு மாத்தக் கடை வெள்ளி, சனி பூட்டு எண்டதும் ஓடிப்போய் ரெண்டு டிக்கெட் எடுத்தன். பொலோனியாவில வளைவு வளைவான பழைய நடைபாதையால நடக்க, ஒவ்வொரு வாசலிலும் இறைச்சி வதங்கிற வாசம். எனக்கு வாய் ஊறுது. ஒரு கடையில இருந்து மெனுவை விரிக்க, மனுசி கையைப் பிடிச்சா. "இண்டைக்கு வெள்ளி, நாளைக்குப் புரட்டாசிச் சனி. ரெண்டு நாளும் மச்சம், இறைச்சி ஒண்டும் இல்லை. டிக்கெட் எடுக்கேக்க கலண்டரைப் பாக்கேல்லையோ?"

காகம் இல்லாத சதுக்கம்

சனி விரதத்தில காகத்துக்கு வைக்காமல் அவ வாயில ஒண்டும் வைக்கமாட்டா. சனி மத்தியானம் சதுக்கத்துக் கடையொண்டில தக்காளி மட்டும் போட்ட பாஸ்தா வந்துது. ஒரு பிடியை எடுத்துக் கடைக்கு முன்னால படியில வைச்சா. காகத்தைக் காணேல்லை, புறாக் கூட்டம்தான் வந்து முடிச்சுது. "இந்த ஊரில சனீஸ்வரன் புறாவில வாறார் போல" எண்டு சமாளிச்சு அவவைச் சாப்பிட வைச்சன். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தக்காளிக்கே தனி ருசி. பரிமாறினவர்தான் முகம் கறுத்து வந்தார். "பிடிக்கேல்லையெண்டால் சொல்லுங்கோ, வேற தாறன். புறாவுக்கு ஏன் போடுறியள்?"

ஞாயிறு காலமை

இனிப் பிளேன் ஏறவேண்டியதுதான். வந்த காரியம் நடக்கேல்லை, பெரிய செஃப் கனவும் போச்சு எண்டு தங்கின வீட்டுக்கார அம்மாவிட்ட அழாக்குறையாச் சொன்னன். பாவம் பாத்து, காலமைக் கோப்பியோட இறைச்சிப் பாஸ்தாவைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைச்சா. ஒரு வாய் வைச்சன். பயத்தில எனக்கு ருசியே பிடிபடேல்லை. மனுசி பாஸ்தாக் கோப்பையைத் தன்ர பக்கம் இழுத்து ரெண்டு வாய் சாப்பிட்டா. "இதைத்தானே கிழமைக்கு ரெண்டு நாள் டப்பாவில கட்டிக்கொண்டு வாறனீங்கள். இதுக்கோ பிளேன் ஏறி வந்தனாங்கள்?"

அதை அப்படியே முதலாளியிட்டச் சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரிச்சு பெரிய செஃபின்ர வெள்ளைத் தொப்பியை என்ர தலையில வைச்சதில விளங்கினது, குசினியில மேல வரக் கைப்பக்குவம் மட்டும் போதாது, குறை சொல்ல ஒரு மனுசியும் வேணும்.