கிளாத்தித் தொட்டிக்கு ஐந்து நத்தைகள்

என் கடல்மீன் தொட்டியில் பாசி தின்று சுத்தம் செய்யட்டும் என்று ஆறு சங்கு நண்டுகளை விட்டிருந்தேன். இரண்டே நாளில், அதே தொட்டியில் நான் வளர்க்கும் கிளாத்தி மீன் ஆறையும் தின்றுவிட்டது. மிச்சம் வெறும் ஓடு.

இன்று புதுக்கோட்டை அக்வாரியம் கடை அண்ணனிடம் புலம்பினேன்.

"தெனம் அதுக்கு என்ன போடுறீங்க?"

"நண்டுதாண்ணே, ஒடச்சு."

"நண்டத் திங்கப் பழக்கிட்டு, நண்டையே வேலைக்கு விட்டா?"

"அப்ப வேற எது தங்கும்?"

"எதுவும் தங்காதுங்க. நத்தைக்கு ஓடு கெட்டி. ஒரு வாரம் தாங்கும்."

ஐந்து வாங்கினேன்.

அரிமளம் பஸ்ஸில், மடியிலிருந்த பையைப் பார்த்தேன். ஒரு நத்தை மேலே ஏறி, பிளாஸ்டிக்கை நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரமாகிறது. பையை இன்னும் பிரிக்கவில்லை. கிளாத்தி கண்ணாடியோரமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது.

மனசு கெட்டியானவர்கள் யாராவது இங்கிட்டு வந்தால், பிரித்துவிட்டுப் போங்கள்.