தலைக்கு மேல் ஒரு பெருக்கல் குறி

வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த நாட்டுக்குப் போகிறவர்களின் சாமான்களைப் பெட்டியில் அடைப்பதுதான் என் வேலை. இந்த அரபு நாட்டில் கம்பெனிக் கிடங்கு ஜெபல் அலியில், என் கட்டில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில். ஒருநாள் வயதான ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் வீட்டில் டூட்டி. பீங்கான், கண்ணாடி எல்லாவற்றையும் எங்களை நம்பி விட்டவர், ஒரு செருப்புப் பெட்டியை மட்டும் மடியைவிட்டு இறக்கவில்லை. உள்ளே நூறு வருஷத்துப் பழைய தபால் அட்டைகள். ஒரு பக்கம் கூட்டமாக நிற்பவர்களின் படம், மறுபக்கம் எழுத இடம்.

அந்தக் காலத்தில் அவர்கள் ஊர்ப் போட்டோக்காரர் தொழிற்சாலை வாசலுக்கே வந்து, வேலைசெய்கிறவர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, அதையே தபால் அட்டையாக அச்சடித்து ஆளுக்கொன்று விற்பாராம். சிலர் தங்கள் தலைக்கு மேல் மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு வீட்டுக்கு அனுப்புவார்களாம். அந்தப் பெண்மணி காட்டிய அட்டையில் சலவைக்கூடத்துப் பெண்கள் முப்பது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளை உடை. ஒருத்தி தலைமேல் மட்டும் குறி. பின்பக்கத்தை வாசித்துக் காட்டினார். அம்மா, குறி போட்டிருப்பது நான்தான், நன்றாகச் சாப்பிடுகிறேன். என் அரைகுறை இங்கிலீஷுக்கே அது புரிந்துவிட்டது.

அப்போது நான் ஊருக்குப் போய் மூன்று வருஷம் தாண்டியிருந்தது. லீவு இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. வீடியோ காலில் தினமும் பேசுகிறோம், வாஸ்தவம்தான். ஆனால் கட்டிலில் படுத்தபடி காட்டுவது முகத்தை மட்டும்தானே. முழு ஆளாக நான் எப்படி இருப்பேன் என்பது என் மனைவிக்கு மறந்துபோயிருக்குமோ என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இதைப் போய் அவளிடம் எப்படிக் கேட்பது?

அடுத்த மாதம் கம்பெனியில் பாதுகாப்பு நாள் கொண்டாடினார்கள். அறுபது பேரையும் கிடங்கு வாசலில் நிறுத்திப் படமெடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்துப் புழுதிக் காற்று. எல்லாரும் நீல உடுப்பு, மஞ்சள் ஹெல்மெட், கண்ணுக்குக் கீழே முகத்தைச் சுற்றித் துணி. போனுக்கு வந்த அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். பத்து நிமிஷம் தேடியும் எனக்கே என்னைத் தெரியவில்லை. கடைசியில் ஒரு துப்புக் கிடைத்தது. எங்களில் ரொம்ப உயரம் பெஷாவர்க்காரர். முன்வரிசையில் அவருக்கு வலப்பக்கம் நின்றேன். படத்தில் அவருக்கு வலப்பக்கம் இருந்த ஆளின் தலைக்கு மேல் பேனாவால் அழுத்திக் குறி போட்டு, லீவில் போன ரூம்காரரிடம் சாக்லேட்டோடு கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி கூப்பிட்டாள்.

"போட்டோ வந்துச்சுங்க. ஒருத்தர் தலைக்கு மேல குறி போட்டிருக்கீங்களே, அது யாரு?"

"நான்தான்."

"அது நீங்க இல்ல. அந்த ஒசந்த ஆளுக்கு மறுபக்கம் நிக்கிறீங்க பாருங்க. ஒத்தக் கால்ல பாரத்தப் போட்டு, இன்னொரு குதிகாலத் தூக்கிக்கிட்டு. பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் எங்க வாசல்ல இப்படித்தான நின்னீங்க."

என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நிற்கிறவரின் வலப்பக்கம் படத்தைப் பார்க்கிறவருக்கு இடப்பக்கமாகிவிடும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. நான் அப்படி நிற்பேன் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. மெஸ் ஹாலில் நாலு பேர் பார்க்க அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.





"நான் தப்பா குறி போட்டேனே, அந்த ஆளு யாருன்னு தெரியுமா?" என்று பேச்சை மாற்றினேன். "நேபாளத்துக்காரரு."

"அவரு வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க, பாவம். குறியெல்லாம் போட வேணாம்னு சொல்லுங்க. அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க."