மயில்களும் டிரிம் கட்டளையும்

ஒரு சோதனை வெற்றி பெற வேண்டும் என்பதற்காக மனைவியின் மயில்களை அழித்தவன் நான். அதே சோதனை படுதோல்வி அடைய வேண்டும் என்று அன்றைக்கே சாமி கும்பிட்டவனும் நான்தான்.

அம்பத்தூரில் எங்கள் ஃப்ளாட்டிலேயே என் மனைவி கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறாள். டிசைன்களை அவளே வரைந்து போனில் படம் பிடித்து வைப்பாள். போன் நிரம்பிவிட்டது என்றாள். உடனே எஸ்எஸ்டி என்கிற சேமிப்பு டிரைவ் ஒன்றை வாங்கி, கணினியில் செருகும் யுஎஸ்பி பெட்டிக்குள் மாட்டி, படங்களை அதற்கு மாற்றிவிட்டுப் போனில் இருந்ததை அழித்துக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கணவன் என்று பெயர் கிடைத்திருக்கும். நான் இணையத்தில் படிக்கப் போனேன்.

ஒரு ஃபைலை அழித்தால் அது உண்மையில் அழிவதில்லையாம். வாசலில் பெயர்ப்பலகை மட்டும் போகும். குடித்தனம் உள்ளேயே இருக்கும். “இந்த இடம் காலி, கழுவிவிடு” என்று கணினி டிரைவுக்குச் சொல்வதுதான் டிரிம் கட்டளை. சொல்லாவிட்டால் டிரைவ் போகப் போக மந்தமாகிவிடும். ஆனால் கணினிக்கும் டிரைவுக்கும் நடுவில் இருக்கும் யுஎஸ்பி பெட்டிகள் பல அந்தக் கட்டளையை உள்ளே கடத்துவதில்லை. எங்கள் ஃப்ளாட் வாட்ச்மேனும் இதே ரகம். தண்ணி லாரி வந்த செய்தி அவரோடு நின்றுவிடும்.

ஆகவே, ‘டிரிம் உண்டு’ என்று அட்டையில் போட்டிருந்த வேறொரு பெட்டி வாங்கி டிரைவை அதில் மாட்டினேன். டிரிம் கட்டளை போகிறதா என்று கறுப்புத் திரையில் தட்டச்சு செய்து கேட்டதற்குக் கணினி ‘0’ என்று பதில் சொன்னது. பூஜ்யம் என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமாம். பள்ளிக்கூடத்தில் இந்த முறை இருந்திருந்தால் கணக்கில் நான்தான் முதல்.

இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டுமே. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனை அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு அழைத்தேன்.

“ஒரு ஃபோல்டரை அழிக்கிறேன். அப்புறம், அழிச்சதை மீட்கிற மென்பொருளை ஓட்டுவேன். ஒண்ணுமே திரும்ப வரலைன்னா டிரிம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“அயிச்சது திரும்பி வர்லன்னா சந்தோசப்படுவியா? இன்னா டேஸ்ட்டு மாமே இது!”

ஒரே மயில் திரும்பத் திரும்ப இருந்த ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. நகல்கள்தானே என்று, குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதபடி அழித்தேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏங்க, சாயங்காலம் மாங்காட்டுலேர்ந்து கல்யாணப் பொண்ணு வருது. அந்த மயில் ஃபோல்டரைத் திறந்து வைங்க. அதுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா அதோட அத்தை பொண்ணு ஜாக்கெட்டும் நமக்குத்தானாம்.”

“எல்லாம் ஒரே மயில்தானே?”

“ஒரே மயிலா? ஒவ்வொண்ணுக்கும் கழுத்து வேற, தோகை வேற. வரைஞ்ச பேப்பரைக்கூட நீங்கதானே பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டீங்க? இப்ப அது ஒண்ணுதான் இருக்கு.”

நண்பன் முந்திக்கொண்டான். “அண்ணி, மயிலு பறந்துபோச்சு.”

அவள் வந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்குத் திறமை போதாது.

மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். டிரிம் வேலை செய்திருந்தால் மயில் போச்சு. செய்யாவிட்டால் என் ஆராய்ச்சி போச்சு. ‘தாயே, பெட்டிக்காரன் அட்டையில் பொய் சொல்லியிருக்க வேண்டும். பெண்ணும் உன் ஊர்தான்’ என்று மாங்காட்டுக் காமாட்சியை வேண்டிக்கொண்டேன்.

திரையில் ஒரு தோகை தெரிந்தது. பிறகு ஒரு கொண்டை. பிறகு கூட்டமாகவே வந்தன.

“வந்துகிச்சு மாமே! ஃபெயிலாயிட்ட!” என்று நண்பன் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் தோற்றதற்கு இவ்வளவு மனமாரப் பாராட்டியவர்கள் வேறு யாருமில்லை.

மாலையில் மணப்பெண் வந்து, கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்க்கும் மயிலைத் தேர்ந்தெடுத்தாள். அத்தை பெண்ணை எப்போது அழைத்து வரலாம் என்றும் கேட்டுக்கொண்டு போனாள்.

மணப்பெண் போனதும் எனக்கு மனசு ஆறவில்லை. “பாரு, எப்படி ஏமாத்தியிருக்கான்! கணினி கட்டளையைக் கொடுத்திருக்கு. இந்தப் பெட்டி, நான் சொன்னதைக் காதுலயே போட்டுக்கலை.”

என் மனைவி ஊசியில் நூலை மாட்டியபடி தலை நிமிராமல் சொன்னாள்: “வந்த ஒரே வாரத்துல அதுக்குப் புரிஞ்சிடுச்சு. எனக்குத்தான் இருபது வருஷம் ஆச்சு.”