முலாம்பழத்தைப் பழித்த வழக்கு

அலபாமாவின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊர் வானொலியில் காலைச் செய்தி வாசித்தவர் ஓபல் டில்லரி. யார் வீட்டு நாய் தொலைந்தது, யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தச் சர்ச்சில் விருந்து என்பதுதான் செய்தி. நான் அங்கே விளம்பரம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓபலம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பொய் மட்டும் வராது.

ஒரு ஜூலை ஞாயிறு பாப்டிஸ்ட் சர்ச்சில் விருந்து. கோழி வறுவல், பீச் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை', கடைசியாக லாமர் கிரிம்ஸ்லி கம்பெனியின் முலாம்பழம். மாலை ஜெபத்தில் பாஸ்டர் டிரம்மண்ட் கண்ணை மூடி, "ஆண்டவரே..." என்று ஆரம்பித்தார். ஆமென் சொல்லாமலே ஓட்டம் பிடித்தார். பின்னாலேயே பாடகர் குழுவில் பாதி ஓடியது. சர்ச்சில் கழிப்பறை ஒன்றே ஒன்று.

"பாஸ்டர், சீக்கிரம் வாங்க! ஜெபத்த உள்ளேயே முடிச்சுடாதீங்க!" என்று யாரோ கதவைத் தட்டினார்கள்.

மறுநாள் ஓபலம்மா வானொலியில் சொன்னார்: "பீச் பை மட்டும் தின்ன நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். முலாம்பழம் தின்னவங்க எல்லாரும் படுத்துட்டாங்க. என்னன்னு தெரியற வரைக்கும் கிரிம்ஸ்லி பழத்தத் தொடாதீங்க."

சில நாளில் வழக்கு வந்து இறங்கியது. எங்கள் மாநிலத்தில் அப்படியொரு சட்டம். அறிவியல் ஆதாரம் கையில் இல்லாமல் ஒரு விளைபொருள் உடம்புக்கு ஆகாது என்று ஊரறியச் சொன்னால், விளைவித்தவர் நஷ்டஈடு கேட்கலாம்.

ஓபலம்மாவின் கணவர் ராய்ஸ் தலையில் கை வைத்தார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் மூஞ்சியக் கேவலமாப் பேசற. நான் ஒரு கேஸ் போட்டதில்ல. ஒரு பழம் போட்டுடுச்சே!"

ஓபலம்மா சிரிக்கவில்லை. பயந்துபோயிருந்தார். நிலைய முதலாளி வேறு, "கொஞ்ச நாள் வாய மூடிட்டு இரும்மா" என்றார். ஓபலம்மாவும் வானிலை மட்டும் வாசித்தார். "வெயில்... அதுவும் அப்படித்தான் சொல்றாங்க" என்று இழுப்பார்.

அப்போதுதான் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவள் குழந்தையும் அந்தப் பழத்தைத் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்தது. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தினம் ரேடியோல உங்களத்தான் கேக்கறேன், நீங்க சொன்ன அந்த ஒரு நாள் மட்டும் விட்டுப்போச்சு. மறுபடி ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா?"

ஓபலம்மா ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் காலை வானிலைத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு ஒலிவாங்கியை இழுத்தார்.

"சட்டப்படி நான் எந்தப் பழத்தையும் குறை சொல்லக் கூடாது. அதனால பாராட்டறேன். கிரிம்ஸ்லி பழம் மாதிரி வருமா! நம்ம பாஸ்டர் இவ்ளோ சின்ன ஜெபம் பண்ணி யாராவது பாத்திருக்கீங்களா? எல்லாம் அந்தப் பழத்தோட கிருபை."

தொலைபேசி ஓயவில்லை. ஆளாளுக்குப் புகழ ஆரம்பித்தார்கள். "எங்க வீட்டுக்காரர் சோபாவ விட்டு எழுந்திரிக்கவே மாட்டாரு. ஒரு துண்டு குடுத்தேன், மான் மாதிரி பறந்தாரு!" என்றாள் ஒருத்தி. கடைகளில் கிரிம்ஸ்லி பழம் ஈ மொய்த்துக் கிடந்தது.

வழக்கு விசாரணைக்கு வந்தது. கம்பெனி வக்கீல் மீசையை நீவிக்கொண்டு எழுந்தார்.

"நீங்க விஞ்ஞானியா?"

"இல்லீங்க, பாப்டிஸ்ட்."

"ஏதாவது ஆராய்ச்சி பண்ணீங்களா?"

"கழிப்பறை வாசல்ல வரிசைய ஒழுங்குபடுத்தினேன். அதவிட ஆராய்ச்சி வேணுமா?"

வக்கீல் விடவில்லை. பளபளவென்று ஒரு முலாம்பழத்தை மேசைமேல் வைத்தார். "பாருங்க ஐயா, இந்தத் தங்கத்தப் போயி இந்தம்மா பழிச்சிருக்காங்க!"

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வாசனை நல்லாத்தான் இருக்கு. நறுக்குங்களேன், ஆளுக்கொரு துண்டு."

ஜூரிகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வயிறு நிறைந்துவிட்டது. காவலர் தனக்குச் சர்க்கரை வியாதி என்றார். பாஸ்டர் கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, கிரிம்ஸ்லி, உங்க பழம். நீங்களே ஆரம்பிச்சு வைங்க" என்றார் நீதிபதி, கம்பெனி முதலாளியைப் பார்த்து.

கிரிம்ஸ்லி எழுந்தார். கத்தியை எடுத்தார். பிறகு தயங்கினார். "ஐயா, ஒரு நிமிஷம். தோல நல்லா தேச்சுக் கழுவிட்டு வந்துடறேன். எங்க கிடங்குல அதெல்லாம் செய்யறதில்ல."

வக்கீல் முகத்தைப் பொத்திக்கொண்டார். நீதிபதி வழக்குக் காகிதங்களைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினார். அன்று மாலையே கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது. பக்கத்து ஊர்க் குழந்தை அதற்கு முன்பே தேறி வீடு திரும்பியிருந்தது. கிரிம்ஸ்லி கிடங்கில் கழுவும் தொட்டி கட்டினார்.

சட்டம் மட்டும் அசையவில்லை. அதை நீக்கச் சொல்லி ஓபலம்மா தலைநகருக்குப் போய், சட்டமன்றக் குழு முன்னால் நின்றார்.

"சாப்பாட்டப் பத்தி வாயத் திறக்கக் கூடாதுங்கறீங்க. கேஸ் முடிஞ்சாலும் பயம் போகலீங்க. நான் பயந்து வாய மூடின வாரத்துல ஒரு குழந்த படுத்துச்சு. அதுக்கு எந்தச் சட்டத்துல நஷ்டஈடு?"

குழுவினர் கைதட்டினார்கள். பிறகு சட்டத்தை நீக்குவதற்கு எதிராகவே வாக்களித்தார்கள். திரும்பி வரும்போது காரில் ஓபலம்மா என்னிடம் கொதித்தார்: "கைய மட்டும் நல்லாத் தட்டறானுங்க!"

அடுத்த வருஷமும் போனார். அந்த முறை பாடகர் குழுவையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். அப்போதும் தோற்றோம். திரும்பும் வழியில் பாஸ்டர் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். என்ன தின்றார் என்று ஓபலம்மா மைக் இல்லாமலே சத்தமாகக் கேட்டார்.