சேவியருக்கு ஒரு கல்லறை

காலையில் எழுந்ததும் நான் செய்யும் முதல் வேலை, டி.வி.யைப் போட்டு என் வீடு இப்போது எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. நீலத் திரையில் சின்னதாய் ஒரு வெள்ளைக் கப்பல் ஊர்ந்துகொண்டிருக்கும். நேற்றுப் படுக்கும்போது ஒரு நாட்டின் ஓரம், இன்று பல் துலக்கும்போது இன்னொரு நாட்டின் ஓரம். வருடம் முழுக்க இந்தக் கப்பலிலேயே குடியிருக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. எங்களைப் பயணிகள் என்று சொன்னால் கோபம் வரும், நாங்கள் ‘ரெசிடெண்ட்’. கதவில் பெயர்ப்பலகை உண்டு, வாசலில் கால்மிதி உண்டு. ஏதாவது ஊரில் இறங்கிச் சுற்றி, கால் வலித்தால், “சரி, வீட்டுக்குப் போகலாம்” என்போம். கப்பலைத்தான் அப்படிச் சொல்கிறோம். ராயபுரத்தில் பிறந்தவளுக்கு இந்தப் பேச்சு வாயில் வர ரொம்ப நாள் பிடித்தது.

என் கணவர் சேவியர் காசிமேட்டு மீன்பிடிக் குடும்பம். கப்பல் இஞ்சின் வேலை கற்று சரக்குக் கப்பல்களில் உலகம் சுற்றியவர். நான் இங்கிலாந்தில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. இருவரும் ஓய்வு பெற்றதும் சவுத்தாம்ப்டன் வீட்டை விற்றுவிட்டு இந்த அறையை வாங்கினோம். யோசனை அவருடையதுதான். “இவ்ளோ காலம் கீய மிசினோட கெடந்தேன். இனிமே மேல குந்திகினு காத்து வாங்கணும் ஸ்டெல்லா” என்றார். அவர் ஆசைப்பட்டபடியே மேல்தளத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் இஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் காதைத் தீட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். பழக்கதோஷம்.

போன வருடம் பசிபிக் கடலின் நடுவில், காலைச் சாப்பாட்டு மேசையில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நர்ஸ் வேலை பார்த்த கைகள் என்னுடையவை, ஆனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பக்கத்துத் துறைமுகத்துக்கே சில நாள் பயணம். கேப்டன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து பொறுமையாகக் கேட்டார். கப்பலில் உடலை வைக்கக் குளிர் அறை உண்டு. அங்கே வைத்துக் கரை சேர்ந்ததும் விமானத்தில் ஊருக்கு அனுப்பலாம். இல்லையென்றால் இங்கேயே, முறையாக, ஜெபத்தோடு கடலில் இறக்கலாம். சேவியர் தளத்தில் நடக்கும்போது, “நான் பூட்டா இதுலயே தூக்கிப் போட்டுடு” என்று விளையாட்டாகச் சொல்வது உண்டு. அந்த விளையாட்டுப் பேச்சைத்தான் அவருடைய கடைசி ஆசை என்று கேப்டனிடம் சொன்னேன். உண்மையில், தெரியாத நாட்டு அலுவலகங்களில் அலைவதையும், பெட்டியோடு ஊர் போய் எல்லாருக்கும் பதில் சொல்வதையும் நினைத்து மலைத்துப் போயிருந்தேன். கடல் சுலபமாக இருந்தது.

எதிர் அறை மார்கரெட் ஆஸ்திரேலியாக்காரி, நல்ல மனுஷி. சடங்கு முடிந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “மீனவரின் மகன் கடலுக்கே திரும்பிவிட்டார், எவ்வளவு பொருத்தம்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எங்கள் ஊரில் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள் என்று சொல்லுமளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரும். தெம்புதான் இல்லை. தலையாட்டினேன். அவளும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் நடந்த ஒன்றை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சேவியரின் சித்தப்பா எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து காணாமல் போனார். அன்றிலிருந்து காசிமேடே மீன்பிடிக்கப் போகாமல் அவரைத் தேடியது. கத்திவாக்கத்திலிருந்தும் கட்டுமரங்கள் வந்தன. லீவில் வந்திருந்த சேவியரும் போனார். உயிரோடு கிடைப்பார் என்று ஒருவரும் நம்பவில்லை, தேடியது உடலை. கரையில் பெண்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். பழவேற்காடு பக்கம் கிடைத்தது என்று தகவல் வந்ததும் சித்தி அழுத அழுகையில் நிம்மதியும் கலந்திருந்தது. கடலிடமிருந்து ஆளைப் பிடுங்கிக்கொண்டு வந்து மண்ணில் வைப்பதற்காகத் தங்கள் பிழைப்பையே நிறுத்திவைக்கும் ஜனம் அது. அந்த ஜனத்தில் வாழ்க்கைப்பட்ட நான், கையில் இருந்த உடலைக் கடலுக்குக் கொடுத்தேன்.

சேவியரின் ஒரே அக்கா லூர்து. தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவர், இன்னும் காசிமேட்டில்தான் இருக்கிறார். செய்தியைப் போனில் சொன்னேன். நடுக்கடல் இணைப்பு, பாதிப் பேச்சு விழுங்கிப் போனது.

“எத்தினி படகு வுட்டுத் தேடுனாங்க? பாடி கெடச்சிச்சா?” என்று கேட்டார் அக்கா.

“அவரு தவறி விழலக்கா. சாப்புட உக்காந்த எடத்துல உசுரு போச்சி. நாங்கதான் கடல்ல எறக்கினோம்.”

அக்கா மெதுவாகக் கேட்டார்: “கைல இருந்த புள்ளையவா வுட்ட?”

இணைப்பு அறுந்ததா, அவரே வைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. சில வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். தம்பி போட்ட சட்டை ஒன்றைத் தோய்க்காமல் அனுப்பச் சொன்னார். அவர்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம். கடலில் போய்க் கிடைக்காதவர்களுக்கு அவர்களுடைய துணியைப் பெட்டியில் வைத்து, பங்குச் சாமியாரை அழைத்துப் புதைப்பார்கள். ஆனால் நான் அதற்குள் அவர் துணியையெல்லாம் ஏதோ ஒரு தீவுத் துறைமுகத்தில் தர்மத்துக்குக் கொடுத்திருந்தேன். அலமாரியைத் திறந்தால் மூச்சு முட்டியது, கொடுத்தேன். “ஒண்ணுமே இல்லக்கா” என்றேன். “சரி வுடு” என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருடம், கல்லறைத் திருநாளுக்குச் சில நாள் முன்பு, எங்கள் கப்பல் சென்னைக்கு வந்தது. ஊருக்குத் திரும்பினேன் என்று சொல்ல வரவில்லை, கப்பல் வந்தது என்றுதான் சொல்கிறேன். பாதை அறிவிப்பில் சென்னை என்று பார்த்த அன்றே அக்காவுக்குப் போன் செய்தேன். கரை தெரிந்ததும் மார்கரெட் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைக் காட்டி, “உங்கள் ஊர்க் கலங்கரை விளக்கங்களா?” என்று கேட்டாள்.

அக்கா துறைமுக கேட்டுக்கு வெளியே, வெயிலில், முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வந்து என் அறையைப் பார்க்கும்படி முன்பே கூப்பிட்டிருந்தேன். “அந்தக் கப்பல்ல நான் காலு வெக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். என் கன்னத்தைத் தடவி, “எளச்சிட்டியே” என்றார். ஷேர் ஆட்டோவில் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம்.

அங்கே ஒவ்வொரு குடும்பமும் திருநாளுக்காகப் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது. மாமனார் கல்லறை முன்னால் அக்கா நின்றார். புது சிமெண்ட் பூசியிருந்தது. மாமனார் பெயருக்குக் கீழே சேவியர் பெயர் கறுப்புப் பெயிண்டில் இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

“உள்ள இன்னாக்கா வெச்சீங்க?”

“மொத மொத கப்பலுக்குப் போனான்ல, அன்னிக்கு அவுத்துப் போட்டுட்டுப் போன சட்டை. வந்து போட்டுப்பான்னு அப்டியே வெச்சிகினு இருந்தேன். அதாங் கீது.”

இருபது வயசுப் பையனின் சட்டை. நான் பார்த்தேயிராத சேவியர் இந்த மண்ணில் இருக்கிறார். நான் சேர்ந்து வாழ்ந்த சேவியர் எங்கோ, யாரும் மெழுகுவர்த்தி வைக்க முடியாத ஆழத்தில் இருக்கிறார். “என்னை மன்னிச்சிடுங்கக்கா” என்று அழுதேன். அக்கா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. பக்கத்தில் குந்தி, கல்லறை ஓரத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நானும் பிடுங்க ஆரம்பித்தேன். அக்கா தலை நிமிராமலே கேட்டார்.

“நீ திரும்பி அந்தக் கப்பலுக்குத்தான போற?”

“ஆமாக்கா. சாயங்காலம் கெளம்புது.”

“அப்ப உன்னுது ஒரு பொடவ குடுத்துட்டுப் போ. கட்டுன பொடவையா குடு. இந்தாண்ட அவன் பக்கத்துல எடம் வுட்டுக்கீறேன். நான் இல்லாகாட்டியும் எம் பொண்ணுகிட்ட சொல்லி வெச்சிடுறேன்.”

அதில் கோபம் துளியும் இல்லை. ஊருக்குப் போகிறவளிடம் குடை எடுத்துக்கொண்டாயா என்று கேட்பது போலக் கேட்டார். இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. நான் சொல்லவில்லை. அக்காவும் அதற்குக் காத்திருக்கவில்லை.

அக்கா வீட்டுக்குப் போனதும், நான் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்துக் கொடுத்தேன். மடித்து பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். எனக்கு அவருடைய பச்சைக் கைத்தறிச் சேலையைக் கட்டிவிட்டு, மடிப்பைத் தானே சரி செய்தார். கப்பல் படிக்கட்டில் மார்கரெட் எதிர்ப்பட்டாள். “புதுச் சேலையா? வீட்டுக்குப் போய்வந்ததில் நல்ல ஷாப்பிங் போலிருக்கிறது” என்றாள். ஆமாம் என்றேன்.

இன்று காலையும் டி.வி.யைப் போட்டேன். வீடு மலாக்கா நீரிணையில் இருந்தது. அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு நான் அதில் இருக்கிறேன். காசிமேட்டில், தோய்க்காத என் சேலை, நான் செத்துப்போவதற்காகக் காத்திருக்கிறது.